ரோடு பைக் கியர் லீவர் பிடிக்கவில்லை: சரிசெய்ய முடியுமா, மாற்றத்தான் வேண்டுமா?

வெண்ணாற்றங்கரை (நீடாமங்கலம்)

எல்லோருக்கும் வணக்கம். என் ரோடு பைக்கில் முன்னால் 2, பின்னால் 9 கியர். பிரேக் லீவரையே உள்பக்கம் தள்ளினால் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறும், அதன் பின்னால் உள்ள சின்ன லீவரைத் தட்டினால் இறங்கும். அந்த வகை.

ஐப்பசி மழை பிடித்ததிலிருந்து வண்டி திண்ணையிலேயே நின்றது. சம்பா அறுவடை முடிந்து இப்போதுதான் எடுத்தேன். வலது லீவர் வேலை செய்யவில்லை. உள்ளே தள்ளினால் எதிலும் பிடிக்காமல் சும்மா போய்விட்டு வருகிறது, க்ளிக் சத்தமே இல்லை. விடாமல் தள்ளிக்கொண்டே இருந்தால் எப்போதாவது ஒரு முறை பிடிக்கும். ஒன்று கவனித்தேன். விடியற்காலைப் பனியில் கிளம்பும்போது சுத்தமாகப் பிடிப்பதில்லை. மத்தியானம் வெயிலில் நின்றுவிட்டு எடுத்தால் ஓரளவு பிடிக்கிறது.

இடது லீவர் தனிக் கதை. முன்பக்கம் பெரிய சக்கரத்துக்கு ஏற்றினால் செயின் அங்கே நிற்காமல் தானாகவே சின்னதுக்கு விழுந்துவிடுகிறது. லீவருக்குள் ஏதோ உடைந்து கிடப்பது போல கரகர சத்தம்.

கடையில் காட்டினேன். கழற்றிக்கூடப் பார்க்காமல், "இதெல்லாம் ரிப்பேர் ஆகாது, ஜோடியா மாத்திடுங்க" என்றார்கள். அவர்கள் சொன்ன விலைக்கு இன்னும் கொஞ்சம் போட்டால் சாதாரண சைக்கிள் ஒன்றே வாங்கிவிடலாம். அடுத்த மாதம் 200 கி.மீ. பிரெவே (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஓட்ட ஆசை. லீவரைக் காப்பாற்ற வழி இருக்கிறதா?

குடந்தை ஸ்பேனர் (கும்பகோணம்)

வாங்க அவசரப்பட வேண்டாம் அண்ணே. காலையில் பிடிக்காது, வெயில் ஏறினால் பிடிக்கும் என்று எழுதியிருக்கிறீர்களே, அதிலேயே பாதி விடை இருக்கிறது. வலது லீவருக்குள் கிரீஸ் காய்ந்து பசையாகிவிட்டது.

கேபிளின் குண்டுமுனை ஒரு சின்ன உருளையில் உட்கார்ந்திருக்கும். அந்த உருளையின் விளிம்பில் பற்கள். லீவரைத் தள்ளும்போது ஒரு கொக்கி பல்லில் விழுந்து உருளையைச் சுற்றும், இன்னொரு கொக்கி அது திரும்பி ஓடாமல் பிடித்துக்கொள்ளும். இந்தக் கொக்கிகளைப் பல்லின்மேல் அழுத்துவதற்கு இருப்பவை மிக மெல்லிய ஸ்பிரிங்குகள். கிரீஸ் கெட்டியானால் அந்த ஸ்பிரிங்கின் பலம் போதாது. கொக்கி பசையில் ஒட்டிக்கொண்டு பல்லில் விழாமலே நிற்கும், லீவர் வெறுமனே ஆடும். சூடு ஏறினால் பசை இளகும், கொக்கி விழும். ஓடாமல் நிற்கும் வண்டிக்குத்தான் இது அதிகம் வரும். இப்படிப்பட்ட லீவர்களில் பெரும்பாலானவை கழுவி எண்ணெய் விட்டாலே உயிர் பெற்றுவிடும்.

ஆனால் கழுவுவதற்கு முன்னால், கோளாறு லீவரிலா, கேபிளிலா, செயினைப் பல்சக்கரம் மாற்றித் தள்ளும் பின் டீரெய்லரிலா என்று பிரித்துப் பார்த்துவிடுங்கள். சின்ன லீவரைத் தட்டிக்கொண்டே இருந்து உருளையை முழுக்கத் தளர்ந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். பின் டீரெய்லரில் கேபிளைப் பிடித்திருக்கும் போல்ட்டைத் தளர்த்தி கேபிளை விடுவியுங்கள். கேபிள் நுனியை ஒரு கையால் பிளையரில் பிடித்து லேசாக இழுத்தபடி, மறுகையால் லீவரை ஒவ்வொரு க்ளிக்காக ஏற்றுங்கள். 9 கியர் என்றால் முதலிலிருந்து கடைசி வரை 8 க்ளிக். எட்டும் வந்து, எட்டும் இறங்கினால் லீவர் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கோளாறை வேறு இடத்தில் தேட வேண்டும். உங்கள் விஷயத்தில் வராது என்றே நினைக்கிறேன். இருந்தாலும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

இடது லீவர் பற்றி அப்புறம் பேசலாம். கரகர சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை.

கோடிக்கரைக் காற்று (வேதாரண்யம்)

குடந்தை அண்ணன் சொன்ன சோதனையை யாரும் தாண்டிப் போகாதீர்கள். எங்கள் பக்கம் லீவர் போச்சு என்று கொண்டுவருகிற வண்டிகளில் பெரும்பாலும் லீவர் நன்றாகத்தான் இருக்கும். போனது கேபிளும், அது உள்ளே ஓடுகிற உறையான அவுட்டரும்.

அகஸ்தியம்பள்ளி உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் ஓட்டிப் பாருங்கள், புரியும். உப்புக்காற்று அவுட்டரின் நுனி வழியாக உள்ளே போய் இன்னர் கேபிளைத் துரு பிடிக்க வைக்கும். வெளியே பார்த்தால் பளபளப்பாக இருக்கும், உருவினால் நடுவில் செம்மண் நிறத்தில் வரும். 9 கியரில் ஒரு க்ளிக்குக்கு லீவர் இழுப்பது சுமார் 2.5 மி.மீ. கேபிள்தான். டீரெய்லர் அதை ஏறத்தாழ 1.7 மடங்காக்கி, 4.35 மி.மீ. தள்ளியிருக்கும் அடுத்த பல்சக்கரத்துக்குச் செயினைக் கொண்டுபோகிறது. இந்த 2.5இல் அரை மி.மீ. துருவில் சிக்கினாலே கியர் அரைகுறையாக விழும். பாவம், பழி லீவருக்கு.

அறுவடைக் காலத்தில் இன்னொன்று. ரோட்டில் கதிர் போட்டு அடிக்கிற இடங்களில் வைக்கோல் இழை பின் டீரெய்லரின் குட்டிச் சக்கரங்களில் சுற்றிக்கொள்ளும். கியர் தாவுகிறது என்றால் முதலில் குனிந்து அதைப் பாருங்கள். நெல் காயப்போட்ட ரோட்டில் வந்தால் பதரும் தூசியும் அவுட்டர் வாய்க்குள் போகும்.

இன்னர் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் கேட்டு வாங்குங்கள். கியர் கேபிள் 1.2 மி.மீ. தடிமன், பிரேக் கேபிள் 1.6. கடையில் இரண்டையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருப்பார்கள், எடுக்கும்போது கவனம்.

பழைய சட்டம் (தஞ்சாவூர்)

தம்பி வெண்ணாறு, நான் சொல்வது கொஞ்சம் வேறு. ஒரு பெரியவன் சொல்கிறேன் என்று கேட்டுக்கொள்.

1990இல் ஜப்பானின் ஷிமானோ பிரேக் லீவருக்குள்ளேயே கியரையும் வைத்தது. 1992இல் இத்தாலியின் காம்பக்னோலோ தன் வழியில் அதையே செய்தது. அதற்கு முன்னால் ரோடு பைக்குக்குக் கியர் லீவர் சட்டத்தின் சாய்வுக் குழாயில்தான் இருக்கும். ஒரு திருகு, இரண்டு வாஷர், ஒரு லீவர். கெட்டுப்போக ஒன்றுமில்லை. ஆரம்பத்தில் வந்தவற்றில் க்ளிக் கிடையாது, காதாலும் காலாலும் உணர்ந்து நகர்த்த வேண்டியதுதான். கொஞ்ச நாளில் கை பழகிவிடும்.

இப்போதைய சட்டங்களில் குழாயில் லீவர் மாட்ட இடம் இருக்காது, சரி. ஆனால் ஹேண்டில்பார் நுனியில் செருகும் லீவர் இன்றைக்கும் கிடைக்கிறது. மைக்ரோஷிஃப்ட் கம்பெனி போடுகிறது, ஷிமானோவிலும் இருந்தது. பிரேக்குக்குப் பழைய லீவரையே வைத்துக்கொள்ளலாம், கியருக்கு நுனி லீவர். உள்ளே கொக்கியும் ஸ்பிரிங்கும் நொறுங்கிப்போய் நடுவழியில் நிற்கும் தொல்லையே இல்லை. நெடுந்தூரம் போகிறவனுக்கு எளிய பொருள்தான் துணை.

குடந்தை ஸ்பேனர்

ஐயா சொல்வதில் நியாயம் இருக்கிறது. இடது பக்கத்துக்கு நானே அதைத்தான் சொல்ல நினைத்தேன். வலது லீவரைக் கழுவிப் பார்க்காமல் விட எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

அரசலாறு (காரைக்கால்)

வெண்ணாறு அண்ணா, கேபிளை உருவும்போது அதன் குண்டுமுனைப் பக்கம் நன்றாகப் பாருங்கள். கேபிள் ஹேண்டில்பாரில் சுற்றிய டேப்புக்குள் ஓடும் லீவர்களில், குண்டிலிருந்து வெளியே வந்த உடனேயே கேபிள் கூர்மையாகத் திரும்புகிறது. ஒவ்வொரு கியருக்கும் அதே இடத்தில் மடங்கி மடங்கி அங்கேதான் இழைகள் ஒவ்வொன்றாக அறும். பழைய மாதிரிகளில் கேபிள் பக்கவாட்டில் வெளியே வந்து துணி காயப்போடும் கொடி போலத் தொங்கும். பார்க்க நன்றாக இருக்காது, ஆனால் கேபிளுக்கு அது சுகம்.

எனக்கு அறுந்தது இப்படித்தான். முதலில் கியர் லேசாக மந்தமானது, திருகை அட்ஜஸ்ட் செய்தால் ஒரு நாள் சரியாக இருக்கும், மறுநாள் மறுபடி மந்தம். அப்புறம் திருமலைராயன்பட்டினம் தாண்டும்போது டப்பென்று போய்விட்டது. குண்டுமுனை உள்ளேயே மாட்டிக்கொண்டது. அதோடு கண்ணுக்குத் தெரியாத கம்பித் துணுக்குகளும்.

அந்த நிலையில் லீவரை மேற்கொண்டு தட்டவே கூடாது. தட்டத் தட்ட இழைகள் உருளையைச் சுற்றிக்கொண்டு பல்லுக்குள் நுழையும். ரப்பர் மூடியை முன்னால் உருட்டி, அடிப்பக்கத்து மூடித்தகட்டின் திருகைக் கழற்றி, போன் வெளிச்சத்தில் பார்த்தேன். குண்டு தெரிந்தது, வெளியே வரவில்லை. கடைசியில் வீட்டில் நெல் மூட்டை தைக்கிற கோணி ஊசிதான் கை கொடுத்தது. அதன் வளைந்த நுனியைப் பின்பக்கத் துளையில் விட்டு நெம்பினால் குண்டு நழுவி விழுந்தது. மீதித் துணுக்குகளை மூக்கு நீண்ட சாமணத்தால் ஒவ்வொன்றாக எடுத்தேன். ஒரு துணுக்கை விட்டாலும் அது பல்லில் மாட்டும், அதனால் பொறுமை வேண்டும்.

அதற்குப் பிறகு கேபிள் அறுகிற வரை நான் காத்திருப்பதில்லை. நிறைய ஓட்டுபவர்கள் வருஷத்துக்கு ஒரு இன்னர் மாற்றிவிடுங்கள். ஒரு இன்னரின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குமேல் வராது.

வெண்ணாற்றங்கரை

எல்லோருக்கும் நன்றி. சோதனை செய்தேன். கேபிளை விடுவித்து, கையால் இழுத்துப் பிடித்துத் தள்ளினால் முதல் இரண்டு க்ளிக் வந்தது, அப்புறம் லீவர் வெறுமனே ஆடியது. ஆக வலது லீவர்தான். கேபிளை உருவிப் பார்த்தேன், குண்டுக்குப் பக்கத்தில் இரண்டு இழை அறுந்து முள்ளாக நிற்கிறது. அரசலாறு சகோதரி சொன்ன அதே இடம். துணுக்கு எதுவும் உள்ளே விழவில்லை.

இடது லீவரின் அடித்தகட்டைக் கழற்றினேன். ஒரு சின்ன ஸ்பிரிங் துண்டு கையில் விழுந்தது. கொக்கி தளர்ந்து ஆடுகிறது.

இப்போது எப்படிக் கழுவுவது? எதைக் கொண்டு?

குடந்தை ஸ்பேனர்

இடதுக்கு வழி இல்லை அண்ணே. ஷிமானோ வகை லீவர்களில் உள் ஸ்பிரிங் தனியாகக் கிடைப்பது குதிரைக்கொம்பு. காம்பக்னோலோவின் பழைய லீவர்களில் ஸ்பிரிங் மாற்றலாம், அதைப் பிரித்துப் பூட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். மற்றவை அப்படிப் பிரிப்பதற்கென்று செய்யப்பட்டவை இல்லை. பிரித்தால் ஸ்பிரிங் தெறித்து எங்கோ போகும். இடதை அப்படியே வைத்துவிடுங்கள், அதிலுள்ள பிரேக் நன்றாகத்தான் இருக்கும்.

வலதுக்கு வருவோம். டபிள்யூ டி 40 எல்லா ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிறது, அது போதும். மண்ணெண்ணெய் இருந்தாலும் சரி. பெட்ரோலும் தின்னரும் வேண்டாம், உள்ளே பிளாஸ்டிக் பாகங்கள் இருக்கின்றன. ரப்பர் மூடியை முழுக்க உருட்டி விலக்கிவிடுங்கள். மண்ணெண்ணெய் பட்டால் ரப்பர் ஊதித் தளர்ந்து, பிறகு லீவரில் பொருந்தி உட்காராது.

ரிம் மீதும் பிரேக் கட்டை மீதும் பழைய வேட்டித் துணியைச் சுற்றிவிடுங்கள். டிஸ்க் பிரேக் என்றால் சக்கரத்தையே கழற்றி அடுத்த அறையில் வைத்துவிடுங்கள். டிஸ்க்கில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் பிடிக்காது. இதில் விளையாட்டு வேண்டாம்.

பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தால் பின்னால் உருளையும் பற்களும் இருக்கிற இடைவெளி தெரியும். டப்பாவின் குழலை அங்கே வைத்துத் தாராளமாக அடியுங்கள். அடித்துவிட்டு பிரேக் லீவரையும் அதன் பின்னால் உள்ள சின்ன லீவரையும் மாற்றி மாற்றி நிறையத் தடவை தள்ளுங்கள். அடியிலிருந்து காபி நிறத்தில் ஒழுகும். ஒழுகி முடியட்டும், மறுபடி அடியுங்கள். ஒழுகுவது தெளிவாக வருகிற வரைக்கும் இதுதான் வேலை. முதல் ரவுண்டிலேயே க்ளிக் வந்துவிட்டது என்று நிறுத்தாதீர்கள், மிச்சமிருக்கிற பசை நாலு நாளில் திரும்பப் பிடிக்கும். பிறகு ஒரு ராத்திரி அப்படியே வைத்து வடிய விடுங்கள்.

மறுநாள் மசகு எண்ணெய். இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். டபிள்யூ டி 40 பசையைக் கரைத்துத் தள்ளும், ஆனால் நீடித்து நிற்கும் எண்ணெய் அது இல்லை, ஆவியாகிவிடும். தையல் மிஷின் எண்ணெய் சில சொட்டு கொக்கியிலும் பல்லிலும் விடுங்கள். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டாம், மெல்லிய எண்ணெய்தான் இந்தக் கொக்கிகளுக்கு நல்லது.

புதுச் சவாரி (திருவாரூர்)

நடுவில் ஒரு கேள்வி. தையல் எண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் விடலாமா? எங்கள் வீட்டில் கதவுக் கீலுக்கெல்லாம் அதுதான்.

கோடிக்கரைக் காற்று

வேண்டாம் தம்பி. தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய் எதுவானாலும் நாளாக ஆகக் காற்றுப் பட்டுப் பிசுபிசுப்பாகும், தூசியைப் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழிக் குளிரில் உறைந்தும்போகும். இந்த லீவரில் நாம் எடுக்கப் பார்க்கிற கோளாறே பசைதான். கதவுக் கீல் தடித்த இரும்பு, அது தாங்கும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் சைக்கிளோடு சேர்த்து சைக்கிளையும் வாட்டர் சர்வீஸில் விட்டுப் பிரஷர் தண்ணீர் அடிக்காதீர்கள். லீவருக்குள்ளும் பேரிங்குக்குள்ளும் தண்ணீர் பாய்ந்து, இருக்கிற எண்ணெயைக் கழுவிக்கொண்டு போய்விடும். ஒரு வாளி தண்ணீரும் துணியும் போதும்.

வெண்ணாற்றங்கரை

வலது பிழைத்துவிட்டது! முதலில் ஒழுகியது கறுப்பு, அப்புறம் காபி நிறம், கடைசியில்தான் தெளிந்தது. மூன்றாவது முறை அடித்து ஆட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று டிக் என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு ஒரு க்ளிக்கூடத் தவறவில்லை. விடியற்காலையிலும் தள்ளிப் பார்த்தேன், எட்டும் வருகிறது. குடந்தை சார், உங்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை.

இனி இடது. புது லீவர் என்ன வாங்குவது? ஜோடியாகத்தான் வாங்க வேண்டுமா?

மலைக்கோட்டை ஏற்றம் (திருச்சி)

ஜோடி தேவையில்லை. இடது மட்டும் தனியாகக் கிடைக்கும், கேட்டு வாங்க வேண்டும். புதிதாகக் கிடைக்காவிட்டால் கழற்றி விற்கிறவர்களிடம் பாருங்கள். வலது லீவர்தான் சீக்கிரம் தேயும், இடது பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்கும்.

ஆனால் பொருத்தம் பார்க்காமல் வாங்கிவிடாதீர்கள். பின்னால் இந்தச் சந்தேகத்தோடு வருகிறவர்களுக்கும் சேர்த்து எழுதுகிறேன். கியர் எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது. லீவர் ஒரு க்ளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறது, டீரெய்லர் அதை எத்தனை மடங்காக்குகிறது, இந்த இரண்டும் சேர வேண்டும். ஷிமானோவின் 8, 9, 10 கியர் ரோடு செட்டுகளுக்குப் பின் டீரெய்லர் மடங்கு ஒன்றுதான், 1.7. அதனால் 9 கியர் லீவரோடு 8 கியர் டீரெய்லர் வேலை செய்யும். விதிவிலக்கு ஷிமானோவின் டியாக்ரா 4700 செட். பெயருக்கு 10 கியர், ஆனால் இழுப்பு 11 கியர் கணக்கு, 1.4 மடங்கு. அதன் லீவரைப் பழைய 10 கியர் டீரெய்லருக்குப் போட்டால் கியர் விழவே விழாது. நல்ல பணம் கொடுத்து ஏமாறுகிற இடம் இது. மைக்ரோஷிஃப்டின் ரோடு லீவர்களில் 8, 9, 10 கியருக்கு ஷிமானோவோடு சேருகிற மாதிரிகள் உண்டு, விலையும் குறைவு. ஸ்ராம் கம்பெனி லீவரின் இழுப்பு வேறு, காம்பக்னோலோவினுடையது வேறு. அவற்றைக் கலக்க வேண்டாம்.

முன்பக்கத்துக்கு இவ்வளவு கறார் இல்லை. இரண்டே நிலைதானே. ஆனால் முன்னால் 3 பல்சக்கரத்துக்கான லீவரை வாங்காதீர்கள், 2 சக்கரத்துக்கானதையே வாங்குங்கள்.

புது லீவரில் பிரேக்கையும் பார்க்க வேண்டும். பிற்காலத்து லீவர்கள் பிரேக் கேபிளைப் பழையவற்றைவிடக் கூடுதலாக இழுக்கும். ஒரு பக்கம் பழையது, ஒரு பக்கம் புதியது என்றால் இரண்டு கைக்கும் பிடிப்பு வேறாக இருக்கும். பஸ் போகிற ரோட்டில் இறங்குவதற்கு முன் காலித் தெருவில் நன்றாகப் பிடித்துப் பழகுங்கள்.

பழைய சட்டம்

தம்பி, இடது லீவர் எதற்கு என்று முதலில் யோசி. நீடாமங்கலத்திலிருந்து முத்துப்பேட்டை வரைக்கும் போய்வா, ஏற்றம் என்று எதைச் சொல்வாய்? ஆற்றுப்பாலத்தில் ஏறுகிற அந்தக் கொஞ்ச தூரம்தான். இந்த மண்ணில் மலை என்றால் அது ஆடிக்காற்று.

முன் டீரெய்லரில் கேபிளே இல்லாவிட்டால் ஸ்பிரிங் அதைச் சின்னச் சக்கரத்தின் மேலேயே வைத்திருக்கும். உன் சின்னச் சக்கரம் 34 பல் என்று வைத்துக்கொள். பின்னால் 12 பல்லில் போட்டு நிமிஷத்துக்கு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 32 கி.மீ. வருகிறது. பிரெவே 200 கி.மீ.க்கு 13 மணி 30 நிமிஷம் கொடுக்கிறார்கள். நின்று சாப்பிடும் நேரத்தையும் சேர்த்துச் சராசரி 15கூட வேண்டாம். இதற்கு 50 பல் பெரிய சக்கரம் எதற்கு?

மலைக்கோட்டை ஏற்றம்

ஐயா கணக்கு சரிதான், டெல்டாவுக்குள் மட்டும் ஓட்டினால். ஆனால் 34இல் போட்டுப் பின்னால் 12, 11 என்று கோடியிலேயே ஓட்டினால் செயின் குறுக்கே இழுபட்டுச் சீக்கிரம் தேயும். காற்று முதுகில் அடிக்கிற நாளில் கால் சும்மா சுற்றுகிற மாதிரியும் இருக்கும். அப்புறம் ஒருநாள் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவையும் பார்க்க ஆசை வரும். அன்றைக்கு இரண்டு சக்கரமும் வேண்டும்.

பழைய சட்டம்

கொல்லிமலைக்குப் போனாலும் ஏறுவது 34இல்தானே தம்பி? 50 இறங்கும்போதுதான். ஆனால் செயின் தேய்மானம் பற்றிச் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். எப்போதும் ஒரே சக்கரத்தில் ஓட்டுகிறவன் 34ஐயும் 50ஐயும் விட்டு 40, 42 பல் சக்கரம் ஒன்றைப் போட்டுக்கொள்வது நல்லது. அது தனிச் செலவு.

குடந்தை ஸ்பேனர்

பிரெவே வரைக்கும் ஐயா சொன்னபடி 34இலேயே விடுங்கள் அண்ணே. செலவு இல்லை, புதிதாக எதையும் மாட்டி நடுவழியில் அவதிப்படவும் வேண்டாம். முன் டீரெய்லரின் உள் எல்லைத் திருகை (அது உள்பக்கம் எதுவரை போகலாம் என்று நிறுத்தும் திருகு) மட்டும் செயின் உரசாதபடி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிதானமாக இடது லீவர் தேடலாம், அல்லது ஹேண்டில்பார் நுனிக்கு க்ளிக் இல்லாத லீவர் ஒன்று போடலாம். முன்பக்கத்துக்கு அது எந்த டீரெய்லரோடும் சேரும்.

ஆனால் வலதுக்குக் கேபிளும் அவுட்டரும் புதிது. இழை அறுந்த அந்தக் கேபிளைத் திரும்பப் போடாதீர்கள். அவுட்டர் கியருக்கானது 4 மி.மீ. வாங்குங்கள். அதில் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், அழுத்தினால் சுருங்காது. பிரேக் அவுட்டர் 5 மி.மீ., கம்பி சுருளாக இருக்கும், அதைக் கியருக்குப் போட்டால் ஒவ்வொரு க்ளிக்கும் அதிலேயே கரைந்துவிடும். கியர் அவுட்டரைப் பிரேக்குக்குப் போடுவது இன்னும் ஆபத்து, பிடிக்கும்போது வெடித்துவிடும். வெட்டிய நுனியை அரத்தால் சமமாக ராவி, உள்ளே நசுங்கிய பிளாஸ்டிக் குழலை ஊசியால் திறந்துவிட்டு, பிறகு தொப்பி மாட்டுங்கள். அவசரத்தில் எல்லோரும் தாண்டிப் போகிற வேலை இதுதான். பாதி மந்தக் கியருக்குக் காரணமும் இதுதான்.

கேபிளைப் பூட்டியதும் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறத் தயங்கினால் பின் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்தில் உள்ள சிறு உருளைத் திருகை இடஞ்சுழியாக அரைச் சுற்று. இறங்கத் தயங்கினால் வலஞ்சுழியாக. எல்லைத் திருகுகளைத் தொட வேண்டாம்.

புதுச் சவாரி

பிரெவேயில் நடு ரோட்டில் பின் கேபிள் அறுந்தால் என்ன செய்வது? இதைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது.

அரசலாறு

பயப்பட ஒன்றுமில்லை தம்பி. கேபிள் அறுந்தால் பின் டீரெய்லர் தானாக ஆகச் சின்னப் பல்சக்கரத்துக்குப் போய்விடும். அதில் மிதிக்க முடியாமல் முழங்கால்தான் வலிக்கும். டீரெய்லர் பக்கம் மிச்சமிருக்கிற கேபிள் நீளமாக இருந்தால், டீரெய்லரைக் கையால் தள்ளி நடுப் பல்சக்கரத்துக்குக் கொண்டுவந்து, கேபிளை இழுத்துத் தண்ணீர் பாட்டில் ஸ்டாண்டின் போல்ட்டுக்கு அடியில் சுற்றி முறுக்கிவிடுங்கள். ஒரே கியர், ஆனால் வீடு வரைக்கும் ஓடும். வெளி எல்லைத் திருகை உள்ளே முறுக்கியும் ஒன்றிரண்டு பல்சக்கரம் உள்ளே தள்ளலாம்.

ஒரு புது இன்னரைச் சுருட்டி ஸீட்டுக்கு அடியில் உள்ள பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஆலன் கீயும் (அறுகோணச் சாவி) கூட. உங்கள் டீரெய்லர் போல்ட்டுக்கு 4 மி.மீ. கீயா 5 மி.மீ. கீயா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். கேபிள் நுனியில் ஒரு சொட்டு ஃபெவிக்விக் விட்டு வைத்தால் இழை பிரியாது, இருட்டில் அவுட்டருக்குள் செருகச் சுலபம்.

வெண்ணாற்றங்கரை

புது இன்னர், அவுட்டர் போட்டாயிற்று. குழலை ஊசியால் திறக்கிற வேலையையும் விடவில்லை. நேற்று மன்னார்குடி போய் வந்தேன், ஒன்பது கியரும் விழுகிறது. முன்னால் 34தான். எதிர்க்காற்றில் அது வசதியாகவே இருக்கிறது, ஐயாவுக்கு நன்றி. இடது லீவரை பிரெவேக்குப் பிறகு தேடுகிறேன். மலைக்கோட்டை அண்ணே, 2 சக்கரத்துக்கான 9 கியர் இடது லீவர் திருச்சியில் யாரிடமாவது கண்ணில் பட்டால் இங்கேயே சொல்லுங்கள்.

மலைக்கோட்டை ஏற்றம்

சொல்கிறேன். முன்பக்கத்துக்கு 8 கியர் செட்டின் இடது லீவரானாலும் ஓடும், அதனால் இரண்டையும் விசாரிக்கிறேன். உங்கள் பிரேக் ரிம்மைப் பிடிக்கும் காலிப்பரா, டிஸ்க்கா? பழைய லீவரின் அடியில் அச்சிட்டிருக்கும் மாடல் எண்ணையும் போட்டோ எடுத்துப் போடுங்கள்.